அளவு ஜாக்கெட்

அந்த அம்மா உடம்புக்குப் பொருந்திய ஒரு ஜாக்கெட் போட்டு நான் பார்த்ததில்லை. தோள் வழியும், முதுகில் சுருக்கம் விழும், கை முழங்கையை முட்டிக்கொண்டு நிற்கும். எல்லாமே சாயம் போன ரகம். இத்தனைக்கும் மாதம் தவறாமல் என்னிடம் தைக்கத் துணி கொண்டுவந்தவர் அவர். ஒரு தையல்காரியின் கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். என் கடையிலிருந்து இந்தக் கோலத்தில் இறங்கிப் போனால் பார்க்கிறவர்கள் என் கத்தரிக்கோலைத்தானே சந்தேகப்படுவார்கள்?

மாதத்தின் இரண்டாம் செவ்வாய், பதினோரு மணி மினி பஸ். வேப்பந்தட்டையிலிருந்து மேற்கே எங்கள் ஊருக்கு அது ஒன்றுதான் அந்த நேரத்தில் வரும். கையில் ஜவுளிக்கடைத் துணிப்பை, அதில் ஒரு ஜாக்கெட் பிட், பிட்டுக்குள் மடித்து வைத்த ஓர் அளவு ஜாக்கெட். படியில் நின்று, "என்னம்மா, போன மாசம் குடுத்தது முடிஞ்சுதா?" என்று எதிர்வீட்டுக்கும் கேட்கிற குரலில் கேட்பார். உள்ளே வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்ததும் குரல் பாதியாகிவிடும்.

உண்மையில் அவர் தையலுக்கு வந்தவர் இல்லை. கோர்ட்டு அனுப்பிய நன்னடத்தை அலுவலர். நான் அவருடைய கண்காணிப்பில் இருந்த குற்றவாளி.

என்ன குற்றம் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன், மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. என் கணவரின் அண்ணன் மனைவியை, என் ஓரகத்தியை, அடித்தேன். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்து வீடு, நடுவில் ஒற்றைச் சுவர். என் கணவர் சவுதியில் இருந்தார். நான் எந்நேரமும் டவுனிலேயே கிடக்கிறேன் என்று அக்கா அவரிடம் போனில் சொல்லியிருக்கிறாள். நான் போனது நூலும் லைனிங் துணியும் வாங்க. குழாயடியில் வைத்துக் கேட்டேன். அவள் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்ல, வாய் முற்றிவிட்டது. கழற்றிப் போட்ட அடிபம்புக் கைப்பிடி ஒன்று அங்கே கிடந்தது. எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. அக்காவின் இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது.

பெரம்பலூர் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக ஒன்றரை வருடம் நடந்தேன். கடைசியில் மாஜிஸ்திரேட் கேட்டபோது, "ஆமாங்கய்யா, அடிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். என் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். "திருச்சி ஜெயில்லயும் தையல் மெஷின் இருக்கும்மா, கவலைப்படாத" என்று கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார். ஆனால் மாஜிஸ்திரேட் உடனே தண்டனை சொல்லவில்லை. இதற்கு முன் இவள்மேல் கேஸ் எதுவும் இல்லை, வெளியில் விட்டால் ஒழுங்காக இருப்பாளா என்று விசாரித்து அறிக்கை கொடுங்கள் என்று நன்னடத்தை அலுவலருக்கு எழுதினார். அரியலூர் ஆபீசிலிருந்து எங்கள் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த அம்மா.

விசாரணைக்கு ஆள் வரும் என்று தெரிந்ததும் வீட்டைக் கழுவினேன். சாமி படங்களுக்கு வேளை தவறாமல் பூப் போட்டேன். வாசலில் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று நாலு நாள் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் மினி பஸ்ஸிலிருந்து துணிப்பையோடு இறங்கி, "இங்க ஜாக்கெட் தைப்பாங்களாமே?" என்று ஒருவர் கேட்டபோது, கேஸ் நடக்கிற நேரத்தில் இது வேறயா என்று எரிந்து விழுந்தேன். "வேற இடம் பாருங்க, எனக்கு இன்னைக்கு ஆளு வருது" என்றேன். அவர் படியேறி உள்ளே வந்து, "அந்த ஆளு நான்தாம்மா" என்றார்.

சாமி படங்களை அவர் பார்க்கவே இல்லை. ஏன் அடித்தாய் என்றும் கேட்கவில்லை. மெஷினைப் பார்த்தார். அலமாரியில் தைத்து மாட்டியவை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. "யாரும் வர்றதில்லையா?" என்றார். "கைய உடைக்கிறவகிட்ட யாருங்க கை அளவு குடுப்பா?" என்றேன். அதற்கு அவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனார். அடிபட்டவர்களையும் விசாரிக்க வேண்டும் என்பது விதி. நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் முணுமுணுப்பு மட்டும் வந்தது. அப்புறம் அக்கா கத்தினாள். என்ன சொல்லிக் கத்துகிறாள் என்று புரியவில்லை. கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஜெயில் உறுதி என்று நினைத்து இரண்டு சேலையை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.

ஆனால் என்னை விட்டுவிட்டார்கள். விட்டார்கள் என்றால் முழுசாக இல்லை. தண்டனையைச் சொல்லாமல் ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்தார் மாஜிஸ்திரேட். அந்த ஒரு வருடம் யாரிடமும் வம்புக்குப் போகக் கூடாது, சொல்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது, மாதாமாதம் அந்த அம்மா வந்து பார்ப்பார். தவறினால் கூப்பிட்டுத் தண்டனையைச் சொல்வார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட என் சொந்த அண்ணன் வந்தார். கோர்ட்டு வாசலில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல், "இதோட நம்ம உறவு முடிஞ்சுது பாப்பா, இனிமே வூட்டுப் பக்கம் வந்துடாத" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

என் கணவர் போன் செய்வதை எப்போதோ நிறுத்தியிருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தெருவில் என்னைப் பார்த்தால் பேச்சு நின்று, நான் தாண்டியதும் மறுபடி தொடங்கும். கண்காணிப்பு என்றதும் எனக்கு முதலில் அவமானமாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் போனபிறகுதான் தெரிந்தது, என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான் என்று. செவ்வாய்க்கிழமைக்கு முதல் நாளே தலைக்குக் குளித்துவிடுவேன். அரசாங்கம் எனக்கு விதித்த விருந்தாளி.

எதற்காக இந்த ஜாக்கெட் நாடகம் என்று ஒருமுறை கேட்டேன்.

"போலீசு ஒரு தடவ வந்த வூட்டை ஊரு மறந்துடும்மா. ஆபீசரு மாசாமாசம் வந்தா மறக்காது. நான் உன்னப் பாக்கணும், அவ்வளவுதான். உன் தெரு என்னப் பாக்கவேண்டாம்."

எல்லாரிடமும் அப்படித்தானாம். ஆடு வளர்க்கிறவனிடம் கிடா விலை கேட்டுக்கொண்டு போவார். கொத்தனாரிடம் சுவர் விரிசலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டு போவார். தன் வேலையை அடையாள அட்டையோடு பைக்குள் போட்டுக்கொண்டு, போகிற இடத்துக்கெல்லாம் ஏதோ ஒரு வாடிக்கைக்காரியாகவே போய்வந்தார். அந்த வேஷம் எனக்கு வேறு ஒரு நன்மையும் செய்தது. டவுனிலிருந்து ஒரு அம்மா பஸ் பிடித்து வந்து இவளிடம் தைக்கிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு பரவியது. மூன்றாம் மாதம் மேலத்தெரு ஆசிரியை ஒருவர் பிட் கொண்டுவந்தார். அப்புறம் மெல்ல மெல்ல நாலைந்து பேர். பேச மாட்டார்கள், துணியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். துணியாவது வந்ததே என்று இருந்தேன்.

அவர் கொண்டுவந்த அளவுகள் ஒவ்வொரு மாதமும் வேறு வேறாக இருந்தன. ஒரு மாதம் நாற்பத்திரண்டு மார்புச் சுற்று, சதை போட்ட கைகள். அடுத்த மாதம் முப்பது, எலும்பும் தோலுமாக யாரோ. ஒரு மாதம் பால் கொடுக்கிறவளுடையது, கறை பார்த்தாலே தெரியும். "யாருக்குங்க மேடம்?" என்றால், "வேண்டியவங்களுக்குத்தான்" என்பார். நான் விடுவேனா? அளவைப் பார்த்து ஆளைக் கட்டுவது எங்கள் தொழில். பருத்தவள் அவர் தங்கை, ஒல்லி அவர் மாமியார், பால் கொடுக்கிறவள் மருமகள். அரியலூரில் ஒரு பெரிய வீடு. காலையில் குளிக்க வரிசை. வெள்ளிக்கிழமை எல்லாரும் நான் தைத்ததைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புகிறார்கள். மதியம் தனியாகச் சோற்றைப் பிசையும்போது அந்த வீட்டை நினைத்துக்கொள்வேன். பொறாமையில் சோறு இறங்காது.

அவருக்கு இன்னொரு கட்டளை இருந்தது. வெளியில் எங்கே பார்த்தாலும் தெரியாத மாதிரி போய்விட வேண்டும். நான் அதை மறந்துவிட்டேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, "மேடம், மேடம்" என்று கூப்பிட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். கம்பத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தும் திரும்பவில்லை. நான் பழக்கடை ஓரத்தில் நின்று அழுதேன். அடுத்த செவ்வாய் அவர் வந்தபோது நிமிராமல் மெஷின் மிதித்தேன்.

"கோவமா?" என்றார்.

"எங்களுக்கெல்லாம் கோவப்பட அனுமதி இருக்குதுங்களா?"

"பக்கத்துல நின்னவரு கோர்ட்டுல வேலை பாக்குறவரு. உங்க பக்கத்து ஊரு. என்ன யாருன்னு அவருக்குத் தெரியும். நீ கூப்பிட்டு நான் திரும்பியிருந்தா, உன்ன யாருன்னும் தெரிஞ்சிருக்கும்." தண்ணீர் கேட்டுக் குடித்தார். "எனக்கும் திரும்பணும்னுதாம்மா இருந்துச்சு. பேர் சொல்லி யாரு கூப்பிடறா என்னை" என்றார். நான் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, மேடம் என்றுதான் கூப்பிட்டேன். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

எட்டாவது மாதம் வந்த அளவு ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழ் மடிப்பு முடிகிற இடத்தில் உள்பக்கம் ஒரு சிவப்பு நூல் முடிச்சு. நான் தைப்பதில் எல்லாம் அதைப் போடுவேன். ஊதா நிறம், கிளி வால் போலக் கூராக இறங்குகிற கழுத்து. ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு பொங்கலுக்கு நானே தைத்து அக்காவுக்குக் கொடுத்தது. இடது கைக்குழி கிழிந்து, யாரோ ஊசியால் கோணலாகத் தைத்து, மறுபடியும் கிழிந்திருந்தது.

"இது..." என்றேன்.

"யாருதுன்னு கேக்காத. அளவப் பாரு" என்றார். "இடது கை தூக்க வராதாம். பின்னாலயும் போகாதாம். கையத் தூக்காம போட்டுக்கற மாதிரி ஒண்ணு தைக்க முடியுமா?"

பிட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று டீகூடக் குடிக்கவில்லை.

நான் கெட்டிக்காரத் தையல்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. மூன்று நாள் ஓடவில்லை. நாலாம் நாள் கதவைச் சாத்திவிட்டு, என் இடது கையை உடம்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, என் ஜாக்கெட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வலது கையை நுழைத்தாகிவிட்டது. இடது கைக்கு வழியே இல்லை. பல்லால் இழுத்தேன். சுவரில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். கடைசியில் கைக்குழி டர்ரென்று கிழிந்தது. அக்காவின் ஜாக்கெட்டில் எங்கே கிழிந்திருந்ததோ அதே இடம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா எப்போது பார்த்தாலும் நைட்டியில்தான் இருந்தாள். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதற்கும் போவதில்லை. அவளுக்குக் கொழுப்பு, ஊரே தன் வீட்டுக்கு வந்து இரக்கப்படட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள் என்று நான்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவளால் ஜாக்கெட் போட முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். எலும்பு முறிவு, எக்ஸ்ரே, டாக்டர் சர்டிபிகேட் என்று கோர்ட்டில் ஒன்றரை வருடம் வாசித்தார்கள். நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டுதான் நின்றேன். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். துண்டை அவிழ்க்காமலே அழுதேன்.

இடது பக்கத் தோள் தையலை முழுக்கத் திறந்துவிட்டு, கழுத்திலிருந்து கைமுனை வரைக்கும் பிரஸ் பட்டன் வைத்தேன். கையை மடியில் வைத்தபடியே மேலே போர்த்தி, வலது கையால் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொள்ளலாம். பட்டன் வெளியில் தெரியாமல் ஒரு பட்டி கொடுத்தேன். மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். அந்த அம்மா வாங்கி, பட்டன்களைத் திறந்து மூடிப் பார்த்தார். கூலியை மெஷின் மேல் வைத்தார். நான் வேண்டாம் என்றேன். "வாங்கிக்க. இது அபராதம் இல்ல, தையல்" என்றார். முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலை, அக்கா சேலை கட்டிக்கொண்டு தெருவில் நடந்து போனாள். பச்சைப் பட்டு, நான் தைத்த ஜாக்கெட். ஏதோ வளைகாப்பு. என் வாசலைத் தாண்டும்போது என் பக்கம் திரும்பவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று, பட்டி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அவள் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிச் செவ்வாய் அவர் பிட் கொண்டுவரவில்லை. ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். "முடிஞ்சுதும்மா. அடுத்த மாசத்துலேர்ந்து வரமாட்டேன்" என்றார். அந்த நாளுக்காக ஒரு வருடம் காத்திருந்தவள்தான், அவரைப் போகவிட மனமில்லாமல் பேச்சை இழுத்தேன்.

"தைக்கக் குடுக்கவாவது வாங்க மேடம்."

"வரக்கூடாது. நான் வந்தா உன் கேஸு முடியலன்னு அர்த்தம்."

"திரும்ப யாரையாவது அடிச்சா வருவீங்களா?" என்றேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன் என்று சொல்ல ஆசை. முழுக்க விளையாட்டு இல்லை.

"அப்ப நான் வரமாட்டேன். ஜீப்பு வரும்" என்று பையை எடுத்துக்கொண்டார்.

நான் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வழியை மறித்தேன். "ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்களுக்கு ஒண்ணு தைச்சுத் தரேன். இந்தத் தோளு வழியிறதப் பாத்துப் பாத்து ஒரு வருஷமா எனக்குக் கண்ணு வலிக்குது." அவர் டேப்பைப் பிடித்துச் சுருட்டி என் கையிலேயே வைத்தார். "எனக்கு இருக்கறது போதும்மா" என்றார். மினி பஸ்ஸில் ஏறினார். வழக்கம்போலத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு மணி பஸ் வந்து போகும். இரண்டாம் செவ்வாய்களில் மட்டும் என் கால் தானாக மெஷினில் நின்றுவிடும். என் கணவர் அந்த வருடம் லீவில் வந்தார், அண்ணன் வீட்டில் தங்கினார், போனார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்கும். ஏழு மாதம் அப்படியே போனது. ஒருநாள் அக்கா என் கடைக்குள் வந்தாள். மெஷின் மேல் ஒரு பிட்டை வைத்தாள். "பழைய அளவுதான். பட்டனு மட்டும் கொஞ்சம் பெருசா வையி, அமுக்க வலிக்குது" என்றாள். மூன்று வருடத்தில் முதல் பேச்சு. நான் பட்டன் டப்பாவைக் கவிழ்த்துப் பெரியதாகத் தேடினேன்.

இதை அந்த அம்மாவிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கட்டளையை மீறித்தான் மறுநாள் அரியலூருக்குப் போனேன். சிமெண்ட் லாரிகள் புழுதி கிளப்புகிற ரோட்டில் ஆபீசை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவர் இல்லை. ரிட்டயர் ஆகி நாலு மாதம் என்றார் அங்கிருந்த கிளார்க்.

"வீட்டு அட்ரசு இருக்குங்களா? பெரிய குடும்பமாச்சே, இங்கதான இருப்பாங்க?"

கிளார்க் என்னை விநோதமாகப் பார்த்தார். "குடும்பமா? ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒத்த ரூமுல தனியா இருந்தாங்கம்மா. அதையும் காலி பண்ணிட்டாங்க. எங்க போனாங்கன்னு ஒருத்தருக்கும் சொல்லல."

வராந்தா பெஞ்சில் ஒரு பெண் தன் முறைக்காகக் காத்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். சிவப்பு ஜாக்கெட், முப்பது சுற்று. கழுத்து என் வெட்டு. உள்ளே நூல் முடிச்சைப் பார்க்கவேண்டிய அவசியம்கூட எனக்கு இருக்கவில்லை. நான் மாமியார் என்று நினைத்த அளவு. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். நான் வெறிப்பதைப் பார்த்து கிளார்க், "ஜெயில்லேர்ந்து வெளிய வர்ற பொம்பளைங்களுக்கு மாத்துத் துணி இருக்காதும்மா. மேடம் எங்கேயோ தைச்சு வாங்கியாந்து குடுப்பாங்க" என்றார். அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச எனக்கு எவ்வளவோ ஆசையாக இருந்தது. தெரியாத மாதிரி போய்விட்டேன்.

ஊர் திரும்பியபோது அக்கா வாசலில் நின்றாள். எங்கே போனாய் என்று கேட்டாள். சொன்னேன். அந்த அம்மா யார் என்று அவளுக்கும் தெரியுமே என்பது அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. இந்த ஊரில் அவர் யார் என்று தெரிந்தது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான். என்னைப் பற்றிச் சவுதி வரைக்கும் போன் போட்ட அக்கா, இத்தனை நாளும் அதை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

"அன்னைக்கு விசாரிக்க வந்தப்ப நீ கத்தினியேக்கா, என்ன சொன்ன?" என்றேன்.

"உன்ன உள்ள தள்ளணும்னு சொன்னேன். எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. கெளம்பும்போது என்ன ஏற இறங்கப் பாத்துட்டு, 'அவ ஜெயிலுக்குப் போயிட்டா உனக்கு யாரும்மா ஜாக்கெட் தைப்பா?'ன்னு கேட்டாங்கடி. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! வெளிய போங்கன்னு கத்தி, மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவச் சாத்துனேன். அப்புறம் மாசாமாசம் உன் வூட்டுக்கு வர்றப்பல்லாம் என் வாசல்லயும் வந்து நிப்பாங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நின்னுட்டுப் போயிடுவாங்க. எட்டு மாசம் நின்னாங்க, அப்புறந்தான் அந்த ஊதா ஜாக்கெட்ட எடுத்துக் குடுத்தேன். ஒரு வாய் தண்ணி நான் குடுக்கலடி."

அக்கா அழத் தொடங்கினாள். முந்தானையை எடுத்து வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடது கை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.